திறந்து கிடந்த சேம்பர் மூடி

கழிவுநீர்க் குழாயில் மழைநீரை விடக் கூடாது என்று நகராட்சியிலிருந்து வீடு வீடாக நோட்டீஸ் அனுப்பியே ஓய்வுபெற்றவள் நான். அந்த விதியை முதன்முதலில் மீறியபோது எனக்கு எட்டு வயது.

அரியலூரில், அப்பா வேலை பார்த்த சிமென்ட் ஆலையின் குவார்ட்டர்ஸ். எங்கள் வீடு தெருவின் மேட்டில். சித்தி வீடு பள்ளத்தில், கடைசி. எல்லா வீட்டுக் கக்கூஸ் தண்ணீரும் பூமிக்கடியில் ஒரே குழாயில் அந்தப் பக்கமாகத்தான் போகும். மழையில் கொல்லையில் தண்ணீர் நின்றால், அந்தக் குழாயில் இறங்கும் சாக்கடைத் தொட்டியான சேம்பரின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்துவிடுவது தெரு வழக்கம். தண்ணீர் கடகடவென்று உள்ளே போய்விடும். எங்கே போகிறது என்று கேட்பது வழக்கமில்லை.

அன்று காலையிலிருந்தே விடாத மழை. மூடியைத் திறந்துவிட்டு, வடிகிற அழகை அப்பா ரசித்துக்கொண்டிருந்தார். சித்தியின் எதிர்வீட்டுக்காரர் நனைந்தபடி ஓடிவந்தார்.

“சார், உங்க கொழுந்தியா வூட்ல கக்கூஸ் வழியா சாக்கடை பொங்குதுங்க! கூடத்துக்கே வந்துடுச்சு!”

சித்தி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான். தையல் ஆறவில்லை, குனியக்கூட முடியாது. சித்தப்பா திருமானூர் போயிருந்தார்.

“புள்ளையக் கீழ பாய்ல போட்டிருப்பாளே!” என்று அம்மா ஓடினாள். அப்பா ஓடுமுன் என்னிடம் சொன்னார்: “மூடி தொறந்து கெடக்கு. யாரும் வுழுந்துடாம நின்னு பாத்துக்க. எங்கயும் போயிடாத.”

நின்றேன். தெருக்கோடியில் குழந்தை அழுதது. பிறகு அழுகை கேட்கவில்லை. கேட்காததுதான் அதிகப் பயமாக இருந்தது. அங்கே தண்ணீர் ஏறுகிறது, நான் சும்மா நிற்கிறேனே என்று தோன்றியது. தென்னந்துடைப்பத்தை எடுத்து, கொல்லைத் தண்ணீரையெல்லாம் சேம்பருக்குள் தள்ள ஆரம்பித்தேன். இங்கே வேகமாக வடிந்தால் அங்கேயும் வடியும் என்பது என் கணக்கு. மழை ஓயும்வரை தள்ளினேன். கை கொப்பளித்துவிட்டது.

சாயங்காலம் அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சித்தியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அதுவரை சித்தி குழந்தையை மேசைமேல் கிடத்தி, நாற்றத் தண்ணீரில் நின்றபடி பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

“எவ்ளோ வாரி ஊத்துனாலும் வந்துகிட்டே இருந்துச்சு,” என்றாள் அம்மா.

“கொழாய் சின்னது. ஆபீஸ்ல எழுதிப் போடுறேன்,” என்றார் அப்பா. பிறகு கொல்லையை எட்டிப் பார்த்தார். “எம்பொண்ணு எப்படி வடிச்சிருக்கா பாரு!”

“ஒனக்காகத்தான் சித்தி தள்ளுனேன்,” என்றேன்.

சித்தி என் கையை மடியில் வைத்து, கொப்புளங்களை ஊதினாள். அத்தனை தண்ணீரையும் அவளுக்குத்தான் அனுப்பிவைத்தேன் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.