கொதித்தால் போடும் மாத்திரை

ரத்த அழுத்தத்துக்கு ரத்தக் கொதிப்பு என்று பெயர் வைத்த மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், எண்பதுகளிலேயே பெரம்பலூரில் பஸ் ஏறிப் போய் அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அங்கே கடைவீதியில் நான் மருந்துக் கடை நடத்தினேன். அந்த ஒரு சொல்லால் வந்த தலைவலிக்கு என் கடையிலேயே மாத்திரை கிடையாது.

குரும்பலூர்க்காரர் ஒருவர். வெங்காயமும் பருத்தியும் போடுகிற விவசாயி. அவருடைய அண்ணன் ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தார். ஒரு கையும் ஒரு காலும் விளங்காமல் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். அதைப் பார்த்து மிரண்டுபோன இவர் மனைவி, தன் புருஷனை இழுத்துவந்து டாக்டரிடம் காட்டினார். அண்ணனுக்கு இருந்த அதே கொதிப்பு இவருக்கும் இருந்தது. தினமும் காலையில் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதினார். நான் அட்டையைக் கையில் கொடுத்து, உப்பைக் குறையுங்கள், ஊறுகாய்ப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாதம் வரவேண்டியவர் வரவில்லை. வெங்காயம் விற்கச் சந்தைக்கு வந்த இடத்தில் என் கடை வாசலில் மாட்டிக்கொண்டார். மாத்திரை வாங்க ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"இன்னும் தீரலங்க," என்றார்.

"தினம் ஒண்ணு போட்டிருந்தா தீர்ந்திருக்கணுமே."

"தினம் எதுக்குங்க? கொதிச்சாத்தான போடணும்? இந்த மாசம் வெங்காயம் நல்ல வெலைக்குப் போச்சு. எனக்குக் கோவமே வரல."

எனக்கு வந்தது. அடக்கிக்கொண்டு, கோபம் வேறு, இந்தக் கொதிப்பு வேறு என்று விளக்கினேன். தூங்கும்போதுகூட அது உள்ளே இருக்கும் என்றேன்.

"தூங்குறப்ப யாரு மேலங்க கோவப்படுறது?" என்று உண்மையிலேயே சந்தேகமாகக் கேட்டார்.

கிணற்று மோட்டாரை உதாரணம் காட்டினேன். தண்ணீர் வேகம் கூடினால் குழாய் சத்தமில்லாமல் விரிசல் விடும், அதுபோலத்தான் இதுவும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் மோட்டாரில் இருக்கும் கோளாறை எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

சில நாள் கழித்து அவர் மனைவி தனியாக வந்தார். நடந்ததைச் சொன்னேன். என் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே. "எப்படியாவது தினம் போட வையுங்க. இல்லன்னா அண்ணன் பக்கத்துல இன்னொரு கட்டில் போட வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போனது.

"கோவம் வந்தா போட்டுக்குவாருல்லங்க?"

"அதுக்குத்தான்னு நெனச்சிக்கிட்டிருக்காரே, போடுவாரு."

"அப்ப செரிங்க, போயிட்டு வரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதன்பிறகு மாதம் தவறாமல் மாத்திரை விற்றது. என் மோட்டார் உதாரணம் வேலை செய்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மனிதர் வாடிய முகத்தோடு வந்தார்.

"மெடிக்கலம்மா, எங்க வூட்டுக்காரிக்கு ஒரு மாத்திர குடுங்க. கொதிப்பு எனக்கில்லங்க, அவளுக்குத்தான்."

தினமும் விடிந்ததும் அவர் மனைவி சண்டைக்கு வருகிறாராம். முதலில் அவர் மீசையைப் பழித்தார். பிறகு செத்துப்போன மாமியார் வைத்த குழம்பைப் பழித்தார். இரண்டும் இவருக்குப் பழகிப்போனதும் மாட்டில் கை வைத்துவிட்டார்.

"செவல மாட்டப் பாத்து நொண்டிங்கிறா. நல்லா நடக்குற மாடுங்க அது."

மாட்டைச் சொன்னதும் இவருக்குத் தலைக்கேறுமாம். "எங்கடி அந்தக் கொதிப்பு மாத்திர, கொண்டா," என்று இவரே கத்துவாராம். மாத்திரையும் செம்புத் தண்ணீரும் அதற்கு முன்பே அவர் மனைவி கையில் தயாராக இருக்குமாம்.

"ஆனா ரொம்ப நல்ல மாத்திரங்க. நான் முழுங்குனா அவளுக்கு அடங்கிடுது."

நான் அலமாரிப் பக்கம் திரும்பி, இல்லாத மருந்தைத் தேடினேன். சிரிப்பு அடங்கின பிறகுதான் அவரைப் பார்க்க முடிந்தது. அவர் சிரிக்கவில்லை. தெருவே அவளைச் சண்டைக்காரி என்கிறதாம். விஷயம் அரியலூரில் இருக்கும் அவள் தம்பி காதுவரை போய், அவன் வந்து உட்கார்ந்திருக்கிறானாம். "அக்காவக் கொஞ்ச நாளைக்கு நான் அழச்சிக்கிட்டுப் போறேன் மாமா," என்கிறானாம். கூடப்பிறந்தவனிடம்கூட அந்த அம்மாள் காரணத்தைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. சொன்னால் புருஷன் காதுக்குப் போய்விடும், மாத்திரை நின்றுவிடும். நாளைக் காலையில் கிளம்புகிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு போய்ப் பயம் வந்தது.

"அவங்க போயிட்டா காலையில உங்களுக்குக் கோவம் வருமா?"

"எப்புடிங்க வரும்? வூடு நிம்மதியா இருக்கும்."

"கோவம் வரலன்னா மாத்திர போடுவீங்களா?"

"அப்ப அது எதுக்குங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மேசைமேல் ஊன்றியிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"அப்ப செவல மாடு..."

"நல்லாத்தான் நடக்குது," என்றேன்.

கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இப்போதே ஒரு மாத்திரை கொடுங்கள், உங்கள் எதிரிலேயே போடுகிறேன் என்றார். காலையில் சண்டை நடந்ததா என்று கேட்டேன். நடந்தது என்றார். அப்படியானால் இன்றைய மாத்திரை ஆகிவிட்டது, நாளைக்குப் போடுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டாராம், அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறதாம். ஊருக்குக் கிளம்பவிருந்த அன்று காலையில் மனைவியின் தம்பி பையோடு வாசலில் நின்றபோது, இவர் செம்போடு தெருவுக்கு வந்து, எல்லோரும் பார்க்க மாத்திரையை விழுங்கினாராம். "மச்சான், இவ சண்டக்காரி இல்ல. எனக்கு மருந்து குடுத்துக்கிட்டிருந்தா," என்றாராம். தம்பி தனியாகவே அரியலூருக்கு பஸ் ஏறியிருக்கிறான்.

"இப்ப தினம் நானே எடுத்துப் போட்டுக்கிறேங்க," என்றார் என்னிடம். "ஆனா காலையில வூடு வெறிச்சுன்னு இருக்கு. மாட்டையாவது ஏதாச்சும் சொல்லுன்னு கேக்குறேன், சொல்ல மாட்டேங்குறா."

அந்த அம்மாள் மாத்திரை அட்டையை மடியில் பத்திரமாக முடிந்துகொண்டார்.

"நல்ல மாட்டப் போயி எப்புடிங்க சொல்றது?"