சுவரைப் பார்த்த டெக்

டெக்குக்காரர் என்று தெருவே கூப்பிடும். அவர் வீட்டில் பாட்டு கேசட் போடுகிற டேப் டெக் கிடையாது. கரகரவென்று இழுக்கிற ஒரு ரேடியோதான். அவர் வைத்திருந்ததெல்லாம் படம். துறைமுகத்தில் கப்பல் அறைகளைக் கழுவுகிற வேலை அவருக்கு. ஜப்பான் கப்பல் வந்தால், மாலுமிகள் போட்டுவிட்டுப் போன பழைய பத்திரிகைகளிலிருந்து ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், டேப் டெக் விளம்பரங்களை மட்டும் பக்குவமாகப் பிரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார். கறுப்புத் துணி மேல் பளபளவென்று ஒரு டெக், பக்கத்தில் ஒற்றைப் பூ. அவ்வளவுதான் படம். நாளெல்லாம் அடுத்தவன் கக்கூஸைக் கழுவின கண்ணுக்கு அந்தச் சுத்தம் வேண்டியிருந்தது. இதில் என்ன தப்பு?

வெயில் பட்டால் சாயம் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். மனுஷர் என்ன செய்தார்? அத்தனை படத்தையும் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி, குண்டூசி குத்தி வைத்தார். ஜன்னலுக்கும் திரை போட்டார். வந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பின்பக்கத்து எழுத்து.

"உங்க வீட்டுக்காரர் ஜப்பான் பாஷை படிக்கிறாராக்கா?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா, முதுகுப் பக்கமா படிக்கிறார்" என்பாள் மனைவி.

முதலில் லீவு நாளில் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். முட்டி வலி வந்தபின் அதுவும் நின்றுபோயிற்று.

மகள் புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். படங்கள் இருந்த அறையைத்தான் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கோ இருமல், சுவரிலோ ஈரம். பெயிண்டரை வரச்சொல்லிவிட்டு, படங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்தலாம் என்று முதல் தாளை இழுத்தார். தாள் கையோடு வந்தது. படம் சுவரோடு நின்றது. படத்தின் மை ஈரத்தில் சுவரோடு ஒட்டிப்போயிருக்கிறது. எதை இழுத்தாலும் அதே கதை.

"எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலமா நிக்குதேப்பா" என்றாள் மகள்.

"நேரா நின்னப்ப மட்டும் நான் வாசிச்சேனா?"

பெயிண்டர் தயங்கினார். "சுரண்டாம அடிச்சா நிக்காது, பெரியவரே."

"அந்தச் சுரண்டுற தகட்டைக் கொடுப்பா. கழுவிப் பழகின கை, நானே செய்யறேன்."

ஒவ்வொன்றாகச் சுரண்டினார். அந்த ஒற்றைப் பூ டெக்கிடம் வந்தபோது கை ஓய்ந்துபோயிற்று.

"அதை விடுங்கப்பா" என்றாள் மகள். "அந்த மூலையில தொட்டில் வராது."

"ஈரம் இருக்கே."

மனைவி போய்த் திரையைக் கழற்றி ஜன்னலை விரியத் திறந்தாள். வெயில் நேரே அந்த மூலையில் விழுந்தது.

"சாயம் போயிடும்டி."

"போகட்டுமே. போற வரைக்கும் பாருங்க."

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரில் சாய்ந்து பார்த்தார். பார்த்தபடியே கண் அசந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை, பெயிண்டர் அந்தப் படத்தை விட்டுவிட்டு எதிர்ச் சுவரிலிருந்து ஆரம்பித்தார்.