இரண்டாவது மேசை அழுதது

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டே முக்காலுக்கு. தனியாக இருந்த பயத்தில் உளறுகிறேன் என்றும் சொல்ல முடியாது. கூட இருந்தவர் காதிலும் அந்தச் சத்தம் விழுந்தது.

அப்போது நான் ஒரு சின்ன மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு டாக்டர். வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம். என்னோடு இருந்தவர் மூத்த நர்ஸ். எல்லோருக்கும் அவர் 'கடிகாரக்கா'. அவசரம் என்று வந்துவிட்டால், வேலை பார்த்துக்கொண்டே நேரத்தைச் சத்தமாகச் சொல்வார். எந்த மருந்தை எப்போது போட்டோம் என்பதில் பிசகு வரக்கூடாதாம். அந்தப் புண்ணியத்தில்தான் இன்றும் எனக்கு நிமிடக் கணக்காக நினைவிருக்கிறது.

அன்று ஒரு கணவனும் மனைவியும் ஓடி வந்தார்கள். அவள் கையில் ஒரு துணிச் சுருள். உள்ளே, பிறந்து ஐந்தே நாளான பெண் குழந்தை. முந்தின நாளிலிருந்து பால் குடிக்கவில்லையாம். உடம்பு சாம்பல் நிறம். பாதம் ஐஸ் கட்டி. கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழுந்தது.

அவர்களை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினோம். அறையில் சூடு கொடுக்கும் மேசைகள் இரண்டு. முதல் மேசையில் குழந்தையைப் போட்டோம். இரண்டாவது காலி. அதன் விளக்குகூட எரியவில்லை.

"ரெண்டு நாப்பத்திமூணு," என்றார் கடிகாரக்கா. மூச்சுப் பையை அமுக்கத் தொடங்கியிருந்தார்.

கையில் நரம்பு தேடினேன். கிடைக்கவில்லை. பாதத்தில்... தலையில்... எங்கேயும் இல்லை. எல்லாம் சுருங்கிக் கிடந்தன. தொப்புள்கொடி காய்ந்து சருகாகிவிட்டது. அந்த வழியும் அடைபட்டது. இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"எலும்புலயே போட்டுடுங்க டாக்டர். இனிமே நரம்பு தேடினா புள்ள தாங்காது."

நரம்பெல்லாம் சுருங்கினாலும் எலும்புக்குள் இருக்கும் வழி சுருங்காது. முழங்காலுக்குக் கீழே, உட்பக்கமாக, தட்டையாய் ஒரு இடம் உண்டு. அங்கே தடித்த ஊசியைத் திருகி இறக்கினால், மருந்து நேராக இரத்தத்தில் கலக்கும். பொம்மையில் பழகியிருக்கிறேன். உயிருள்ள குழந்தைக்குப் போடுவது அதுதான் முதல் தடவை. அதுவும் என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத எலும்பு.

"ரெண்டு நாப்பத்தியேழு."

வலது காலைப் பிடித்தேன்.

ஒரு குழந்தை அழுதது.

ஆவலோடு குனிந்து பார்த்தேன். எங்கள் குழந்தையின் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. உதடு அசையவே இல்லை.

காலை விட்டேன். அழுகை நின்றது.

"பக்கத்து ரூம்ல குழந்தை இருக்காக்கா?"

"பக்கத்து ரூம்ல அட்டைப்பெட்டிதான் இருக்கு."

மறுபடியும் வலது காலைத் தொட்டேன். மறுபடியும் அழுகை. இப்போது திசை தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால்... இரண்டாவது மேசையிலிருந்து.

திரும்பினேன். வெள்ளை விரிப்பு. அவ்வளவுதான்.

பிரமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஞ்சால் துடைத்தேன். ஊசி முனையைத் தோலில் வைத்தேன்.

"வீ...ல்!"

கடிகாரக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தக் கால் வேணாம் டாக்டர்."

"ஏன்?"

"வேணாம்னா விடுங்க. அடுத்த கால்ல போடுங்க."

இடது காலைப் பிடித்தேன்.

சத்தமில்லை.

ஊசியைத் திருகினேன்... மெல்ல... இன்னும் கொஞ்சம்...

டொக்.

எலும்பு வழிவிட்டது. உப்பு நீர் தடங்கலில்லாமல் இறங்கியது. கெண்டைக்கால் வீங்கவில்லை. அறுபது... எண்பது... நூற்றுப் பத்து. துடிப்பு ஏறியது. குழந்தை வாயைத் திறந்து முனகியது. பூனைக்குட்டி போல, ஈனஸ்வரத்தில். நாங்கள் கேட்ட அழுகை அது இல்லை. முதலில் கேட்டது நல்ல கனத்த குரல்.

"ரெண்டு... அம்பத்தியாறு." கடிகாரக்காவின் குரல் நடுங்கியது.

போய் இரண்டாவது மேசையைத் தொட்டுப் பார்த்தேன். விரிப்பு சில்லென்று இருந்தது. நடுவில் மட்டும், என் உள்ளங்கை அகலத்துக்கு... வெதுவெதுப்பு.

"கேஸ் ஷீட்ல இதெல்லாம் எழுதாதீங்க டாக்டர்," என்றார் அவர். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். மாலை ஏழு பத்துக்கு அங்கிருந்து டாக்டர் போன் செய்தார்.

"நல்லவேளை, இடது கால்ல போட்டீங்க. வலது கால் எலும்பு முறிஞ்சிருக்கு. அதுல போட்டிருந்தா மருந்து பூரா சதையில கசிஞ்சிருக்கும். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"



ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் குழந்தையோடு வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. காலில் கட்டுப் பிரித்திருந்தார்கள்.

"அன்னிக்கு நீங்க கதவைச் சாத்தினதும் எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு டாக்டர். அப்புறம் உள்ளேயிருந்து வீல்னு சத்தம் கேட்டுச்சு. புள்ள பொழச்சிடுச்சுன்னு அங்கேயே உக்காந்துட்டேன். ஆனா பாருங்க, இவ இன்னி வரைக்கும் அவ்வளவு சத்தமா அழுததே இல்ல."

"கால் எப்படிம்மா முறிஞ்சுது?"

"வீட்டுலயே பொறந்துட்டாங்க. இவளுக்குக் கால்தான் முதல்ல வந்துச்சு. பிடிச்சு இழுத்தாங்க..."

"பொறந்துட்டாங்கன்னா?"

"ரெட்டைப் புள்ளைங்க டாக்டர். இவளுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒருத்தி."

அவள் குழந்தையின் தலையைத் தடவினாள்.

"அவ அழவே இல்ல. தட்டிப் பாத்தாங்க, ஊதிப் பாத்தாங்க... ஒரு சத்தம் வரல. ஒரே ஒரு தடவை அவ குரலைக் கேட்டிருந்தா போதும்னு இப்பவும் மனசு அடிச்சுக்குது."