எண் போட்ட மரங்கள்

அண்ணாந்து பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். மரத்துக்கும் பறவைக்கும் பேர் சொல்லும் நாங்கள் அதில் ஒரு கூட்டம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் எட்டு வருஷமாக நான் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். சனிக்கிழமைதோறும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மரமும் பறவையும் பார்க்கப் போவது என் பொறுப்பு. பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி சாக்கடைக் குழியில் கால் விட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் நம்ம ஆள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

கழுவாத இலை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். காம்பவுண்டு ஓரம் ஒரு மரம், இலையெல்லாம் சாம்பல் நிறம். சுவருக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் புத்தகத்தைப் புரட்டி, மாணவர்கள் முன்னால் தைரியமாக ஏதோ ஒரு பேரைச் சொல்லிவிட்டேன்.

பெருக்கிக்கொண்டிருந்த பிலோமினா அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். கல்மண்டபத்துக்காரர், வளாகத்தில் பல வருஷமாகத் துப்புரவு வேலை. ஒரு இலையைப் பறித்து வாளித் தண்ணீரில் முக்கி, முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார். பளபளவென்று பச்சை. சாதாரணப் புங்கன். "நம்ம ஏரியாவுல மொதல்ல மூஞ்சி கழுவி வுடு டீச்சரம்மா, அப்பால பேரு சொல்லு."

புதிதாக வந்த பறவை

ஒரு வருஷம் மழை வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் வந்து ஆற்று முகத்துவாரத்தில் கலந்துவிட்டது. அந்த வாரம் ஒரு காலையில், மைதானத்தில் தேங்கிய தண்ணீரில், பை தொங்கும் அலகோடு ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. எங்கள் பட்டியலில் இதுவரை இல்லாத பறவை என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் மார்பிலிருந்து வால்வரை கறுப்பு. இறக்கையைப் பிரிக்க முடியவில்லை.

வாட்ச்மேன் ஏழுமலை எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரர். அவர் தம்பியின் படகும் வலையும் அதே எண்ணெயில் ஊறிக் கரையில் கிடந்தன. அவர் சட்டையைக் கழற்றிப் பறவையைச் சுற்றித் தூக்கிவந்தார். பாத்திரம் தேய்க்கிற சோப்பை வெந்நீரில் கரைத்து மத்தியானம் வரைக்கும் கழுவினோம். வனத்துறை வண்டி வருவதற்குள் அது அவர் மடியிலேயே அடங்கிவிட்டது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதுவதா வேண்டாமா என்று நான் நின்றேன். எண்ணெய்க் கையைத் துடைக்காமலே அவர் சொன்னார்: "எழுது மேடம். வந்துச்சுன்னு மட்டும் எழுது. செத்தத எழுதாத."

சுத்தியல் சத்தம்

அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. வளாகத்து மரங்களுக்கெல்லாம் எண் எழுதி, பேர், சுற்றளவு, இடம் குறித்து அறிக்கை தரவேண்டும். நம்மிடமும் ஒன்றைக் கேட்கிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பிலோமினா அக்கா கூட வந்தார்.

நூலகத்துக்குப் பின்னால் நின்ற தூங்குமூஞ்சி மரம் நாற்பத்தேழாம் எண். அக்கா தினமும் சோறு சாப்பிடுவது அதன் அடியில்தான். உச்சியில் 'டொக், டொக், டொக்' என்று விடாத சத்தம். அது குக்குறுவான், பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, கிளையைக் குடைந்து கூடு வைக்கும் என்றேன். அக்காவின் புருஷன் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வூட்டுக்காரு சுத்தி அடிக்கிற சத்தம் டீச்சரம்மா. இங்க வந்து குந்துனாத்தான் சோறு எறங்குது."

நீட்டான லிஸ்ட்

பரீட்சை முடிந்த மறுவாரம் விடைத்தாள் திருத்தப் போனேன். கேட்டிலேயே ரம்பச் சத்தம். நூலகத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் வருகிறதாம். நாங்கள் எழுதிய மஞ்சள் எண்கள் தரையில் படுத்துக் கிடந்தன. மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு ஓடினேன். அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று, பதிலுக்குக் கன்று நடுவோம் என்றார் அதிகாரி. கோப்பைத் திருப்பிக் காட்டினார். எந்தெந்த மரத்தை வெட்டுவது என்பதற்கு இணைத்திருந்தது என் அறிக்கைதான், அடியில் என் கையெழுத்து.

இறங்கிவந்து வெயிலில் நின்றேன். மரம் வெட்டும் மேஸ்திரி நான் யார் என்று தெரியாமலே, பாவம், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இன்னொரு கையில் என் அறிக்கையின் ஜெராக்ஸ். சாய்த்த மரத்துக்கெல்லாம் டிக் போட்டிருந்தது. "லிஸ்ட் போட்ட புண்ணியவான் யாரோ மேடம், சுத்தளவு மொதக்கொண்டு நீட்டா எழுதிகீறாரு. எங்களுக்குப் பேஜாரே இல்ல."

பத்தடி தூரம்

லிஸ்ட் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டு அவரிடமே கெஞ்சினேன். நாற்பத்தேழில் குஞ்சு சத்தம் கேட்கிறது, பறக்க இரண்டு வாரம் வேண்டும். கெட்ட மனுஷர் இல்லை. அந்த மரத்தைக் கடைசிக்கு வைத்தார். ஐந்து நாள் கிடைத்தது. ஆறாம் நாள், கூடு இருந்த கிளையை மட்டும் விழவிடாமல் கயிறு கட்டி மெதுவாக இறக்கிக் கொடுத்தார். அக்காவும் ஏழுமலையும் நானுமாக அதைப் பக்கத்து வேப்பமரத்தில் நிமிர்த்தி வைத்துக் கட்டினோம்.

தாய்ப் பறவை அலகில் பழத்தோடு வந்தது. மரம் இருந்த வெறும் இடத்தில், பழைய உயரத்திலேயே சுற்றியது. நூலகக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கூப்பிட்டது. குஞ்சுகள் பொந்துக்குள்ளிருந்து கத்தியது, விழுந்த மரத்தைத் துண்டு போடும் ரம்பச் சத்தத்தில் அதற்குக் கேட்டதோ இல்லையோ. இரண்டு நாள் இப்படியே. வாழைப்பழத்தைப் பிசைந்து குச்சி முனையில் ஊட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை பொந்தில் சத்தமே இல்லை. வேப்பமரத்தில் கையை வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "பத்தடி தள்ளித்தான வூடு கீது. அது கைல யாராச்சும் சொல்லக்கூடாதா டீச்சரம்மா?"

பசுமை வளாகம்

விடுமுறை முடிந்ததும் மறுபடி அலுவலகத்திலிருந்து அழைப்பு. பசுமை வளாகம் என்று ஒரு அறிக்கை அனுப்பவேண்டுமாம், அதற்கு மரப் பட்டியல் தேவையாம். இரண்டு நாள் நடந்து புதிதாக எழுதினேன். வெட்டிய அடிமரங்களையும் விடவில்லை. ஒவ்வொன்றின் பழைய எண்ணையும் பேரையும் போட்டு, எதிரே 'வெட்டப்பட்டது' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் பக்கங்களைப் புரட்டினார், புரட்டினார், அப்புறம் என்மேல் இருந்த அக்கறையில் குரலைத் தாழ்த்தினார். "பழசையே குடுத்துடுங்க மேடம், அதுல மரம் நெறைய கீது. யாரு வந்து எண்ணப்போறாங்க?"

பேர் தெரியாத மரம் விழுந்தால் நிழல் போச்சே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், பேர் தெரிந்து தொலைத்துவிட்டால் துக்கத்துக்கே லீவு போடவேண்டியிருக்கிறது, அதற்குத்தான் எங்கள் ஆபீசில் இன்னும் படிவம் வரவில்லை.