பத்து லட்சத்து ஒன்று

ஐம்பது வயது தாண்டினால் சிலர் நடக்கத் தொடங்குவார்கள், சிலர் சீனியை விடுவார்கள். நான் பத்து லட்சத்து ஒன்றை வகுக்கத் தொடங்கினேன்.

என் வாய்தான் காரணம். உட்துறைமுகத்தைப் பார்த்தபடி வலைக் கடை வைத்திருக்கும் நண்பர் தினமும் கிண்ணியாவிலிருந்து வருகிறவர். என் மதியச் சோற்றுப் பார்சலை அவருடைய கடையில்தான் பிரிப்பேன். ஒருநாள், ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்து ஒன்று வரும் என்று சொல்லிவிட்டு, அந்தச் சூட்டிலேயே பத்து லட்சத்து ஒன்றும் ஏழால் வகுபடும் என்றேன். நண்பர் வலைப்பெட்டி மட்டையொன்றைக் கிழித்து நீட்டினார். வகுத்தேன். மீதி இரண்டு. பதினொன்றுக்கும் இரண்டு. பதின்மூன்றுக்கும் இரண்டு.

“ரெண்டு பேர் சாப்பிடுறம் எண்டு அதுக்கும் விளங்கிட்டுப் போல,” என்றார்.

அன்றே தீர்மானித்தேன். அந்த எண் எதனால் உடையும் என்று நானே கண்டுபிடிப்பது, போனில் பார்ப்பதில்லை. முதன்மை எண்களால், அதாவது பகா எண்களால் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு நாளைக்கு ஒன்று. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினாலே பத்து லட்சம் என்பதால், ஆயிரம்வரை போயும் மீதி விழுந்துகொண்டே இருந்தால் இதுவும் முதன்மை எண்தான். எனக்குத் தெரிந்த மற்றவையெல்லாம் யாரோ சொல்லித் தெரிந்தவை, பத்திரிகைக்கு நான் எழுதும் பகிடிப் பத்தியில் எங்கே சிரிப்பு வருகிறது என்பது உட்பட. இது ஒன்றாவது என் கையால் வரட்டும் என்று ஒரு ஆசை.

ஒரு வியாழக்கிழமை தொண்ணூற்றேழுக்கு வந்தேன். மீதி இருபத்தெட்டு. அடுத்த முதன்மை எண்ணான நூற்றொன்றை மட்டையில் எழுதி, வகுத்தல் கோடும் போட்டு வைத்தேன். மறுநாள் வெள்ளி, ஜும்ஆத் தொழுகைக்காகக் கடை பூட்டு. கடை பூட்டினால் கணக்கும் பூட்டு என்பது எங்கள் வழக்கம். சனி, ஞாயிறு எனக்கு வேலை விடுமுறை, வீட்டிலிருந்து போட்டிருக்கலாம். ஆனால் நான் பென்சிலைத் தூக்கினால் மனைவிக்குக் கூரை, தண்ணீர்த் தொட்டி என்று வேறு கணக்குகள் ஞாபகம் வரும்.

திங்கள் மதியம் நண்பர் வாசலிலேயே நின்றார்.

“மச்சான், இனிக் கிடந்து மெனக்கெடத் தேவல்ல. நீங்க படுற பாட்ட மகளிட்டச் சொன்னன். அவ போன்ல போட்டுப் பார்த்தா. நூத்தியொண்டால பிரியுதாம்.”

முகமெல்லாம் சந்தோஷம். எனக்கென்று கணவாய்க் கறியும் கொண்டுவந்திருந்தார். மட்டை அவருக்குப் பின்னால் வலைக்கட்டில் சாய்ந்து நின்றது. உள்ளே போய் அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

“நீங்க எதுவரைக்கும் போயிருந்தீங்க?”

“அது இன்னும் கன தூரம் கிடந்தது.”

“அப்ப நல்லதாப் போச்சு,” என்று கறியை என் சோற்றில் கொட்டினார்.

அவர் கை கழுவப் போனபோது மட்டையைத் திருப்பி வகுத்துப் பார்த்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. மீதி இல்லை. இத்தனை நாளும் நான் தேடிய பூச்சியம், பரீட்சையில் பக்கத்துக் கதிரையைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

துவாயால் கையைத் துடைத்தபடி வந்தவர், அடுத்து எந்த எண் என்று கேட்டார். மகளுக்குத் தெரியாத எண்ணாக ஒன்று பார்க்கவேண்டும் என்றேன். அதைப் பகிடி என்று நினைத்து அவர் வெகுநேரம் சிரித்தார்.