மம்பட்டிக்கு எதிரே ஓர் ஆள்

இங்கே நான் மம்பட்டியைத் துண்டில் சுற்றித்தான் தெருவில் கொண்டுபோகிறேன். வீட்டிலிருந்து தோட்டம் நடந்து போகிற தூரம்தான். முதல் தடவை, ஊரில் செய்வதுபோல் தகடு முதுகுப் பக்கம் தொங்கத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினேன். எதிரே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் என்னைப் பார்த்தாள், மம்பட்டியைப் பார்த்தாள், சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்திருக்கும் என்றாள் என் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றிலிருந்து துண்டு.

வட இங்கிலாந்தில் எங்கள் ஊர் நகராட்சி, காய்கறி போடச் சிறு துண்டு நிலங்களை வாடகைக்கு விடுகிறது. ‘அலாட்மெண்ட்’ என்பார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. முதல் வேலையாகக் கடைக்குப் போய் ஒரு ‘ஸ்பேடு’ கேட்டேன். ஸ்பேடு என்றால் மண்வெட்டி என்று ராமநாதபுரத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை நம்பித்தான் கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது, காலால் மிதித்து மண்ணில் இறக்குகிற நேர்த் தகடு. நம்முடையது குனிந்து வெட்டி மண்ணைத் தன் பக்கம் இழுப்பது. இது நிமிர்ந்து நின்று மண்ணை அப்பால் புரட்டுவது. திருப்பிக் கொடுத்துவிட்டு ‘ஹோ’ கேட்டேன். களை சுரண்டுகிற சின்ன சாமான் ஒன்று வந்தது. அதற்குமேல் என் ஆங்கிலத்தில் சொல் இல்லை. கையால் காற்றில் வெட்டிக் காட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

கடைசியில் வழி சொன்னவர் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். “மண்வெட்டியோ அண்ணை? உது ஸ்பெயின்காரர் பாவிக்கிறவை. அசாடா எண்டு நெட்டில தேடிப் பாருங்கோ” என்றார். பெட்டியில் வந்ததைப் பிரித்தபோது நம் மம்பட்டியேதான். நான் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பஞ்சாபி நண்பர் படத்தைப் பார்த்ததும் “கஹி!” என்று சிரித்தார். மலேசியாவில் இருக்கும் என் மைத்துனர் போனில் “சங்குல்” என்றார். இத்தனை பேரில் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல் சுமக்கிற மற்றதெல்லாம் பெட்டியில் வரவில்லை. படிக்காத பிள்ளையை மம்பட்டி பிடிக்கத்தான் லாயக்கு என்பார்கள். முன்பல் தூக்கியவனுக்கு மம்பட்டிப் பல்லன் என்று பட்டம். மம்பட்டியைத் தூக்கிவிட்டார்கள் என்று யாராவது ஓடி வந்து சொன்னால் வயலில் வேலை தொடங்கிவிட்டது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பங்காளிகளுக்குள் வரப்புச் சண்டை என்று எல்லோருக்கும் தெரியும். வேளை கெட்ட வேளையில் ஒருவன் மம்பட்டியோடு கண்மாய்ப் பக்கம் போனால் எவன் வயல் தண்ணீரைத் திருப்பப் போகிறானோ என்றுதான் கேட்பார்கள். எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம் என்பாள் என் மனைவி. அந்தக் காற்றில் வளர்ந்தவனுக்கு வேறு எந்தக் குணம் வரும்?

அந்தச் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. மம்பட்டி மண்ணை இழுக்கிற கருவி. வரப்பின் ஓரத்தைச் செதுக்குகிறவன் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் மண்ணைத் தன் வயலுக்குள் இழுக்கிறான். வருடா வருடம் விரல் அகலம் கூடுதலாக இழுத்தால் போதும், வரப்பு நகர்ந்துவிடும், யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பொது வரப்பை வெட்டும்போது எதிர்ப் பக்கத்து வயல்காரன் வந்து நிற்க வேண்டும். ஒருவன் வெட்ட, மற்றவன் நிற்பான். பிறகு இவன் வெட்ட, அவன் நிற்பான். அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யாவும் பெரியப்பாவும் எதற்காகவோ கோபித்துக்கொண்டு பல வருடம் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து எதிலும் சேர்ந்து நின்றதில்லை. ஐப்பசி மழை விழுந்து வரப்பு வெட்டும் அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். பெரியப்பா வெட்டுவார், அய்யா கையைக் கட்டிக்கொண்டு தகட்டின் முனையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு பேச்சு இருக்காது. முடிந்ததும் அவரவர் வழியில் போவார்கள்.

இப்போது இரண்டு பேருமே இல்லை. பெரியப்பாவின் வயலை அவர் மகன் கருப்பையா அண்ணன் விடாமல் பயிர் செய்கிறார். எங்கள் வயல் அய்யா போனதிலிருந்து தரிசு. அய்யா வைத்துவிட்டுப் போனது அந்த ஒரு வயல்தான். ஒரு நாள் வேலை இடைவேளையில், போன் வரைபடத்தில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி எங்கள் வயலைத் தேடினேன். வரப்பு எங்கள் பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. தேநீர் ஆறிப்போயிற்று. கருப்பையா அண்ணன் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். வருடா வருடம் பனங்கற்கண்டு அனுப்புகிறவர். அந்தப் பனங்கற்கண்டை எதற்கு அனுப்புகிறார் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆவணியில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அய்யாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனபோது அண்ணனும் கூட வந்தார். திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் காற்று காரை ஆட்டியது. கடலைப் பார்த்தபடியே கேட்டார்: “எத்தன நாளு இருப்ப?”

“ரெண்டு வாரம் இருப்பேன்ணே. ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று எனக்குப் பட்டது. வீடு வரும்வரை இரண்டு பேரும் வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை அளவு டேப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வயலுக்குப் போனேன். எங்கள் பக்கம் முழுக்கச் சீமைக்கருவேல். ஒதுக்கிக்கொண்டு போய் எங்கள் வயலின் மறுகோடி எல்லைக்கல்லிலிருந்து வரப்புவரை பிடித்து, பத்திரத்து அளவோடு ஒப்பிட்டேன். குறைந்தது. சின்னக் குறைவு இல்லை, நீட்டிப் பிடித்தால் என் கை அளவு. நிமிர்ந்தால் எதிர் வயலில் கருப்பையா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“ஏலே, விக்கப் போறியா?”

நான் அதை எதிர்பார்க்கவில்லை. “என்னண்ணே சொல்றீங்க?”

“டேப்பு பிடிக்கிறவன் வேற எதுக்குப் பிடிப்பான்? உப்பூர்ப் பக்கம் நெலத்த வித்தவய்ங்க எல்லாம் இப்பிடித்தான் வந்து பிடிச்சாய்ங்க. அம்புட்டுப் பேரும் மொதல்ல சாமி கும்பிடத்தான் வந்தம்னு சொன்னாய்ங்க.”

கோபம் வந்துவிட்டது. “வயலு குறையுதுண்ணே. வரப்பு எங்க பக்கம் வந்திருக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அவர் முகம் மாறியது. பிறகு கையை நீட்டினார். “அந்த டேப்பக் குடு. இங்கனயும் பிடிச்சுப் பாரு.” அவர் வயலின் மறுகோடிக் கல்லிலிருந்து பிடித்தோம். அவர் வயல் சரியாக இருந்தது. விரல் அளவும் கூடவில்லை. இரண்டு பேரும் வரப்பைப் பார்த்தோம். அவர் பக்கம் செதுக்கிய சுவர் மாதிரி நின்றது. என் பக்கம் புல் மண்டி, எலி வளை பறித்துத் தள்ளிய மண்ணும் மழையில் சரிந்த மண்ணும் சேர்ந்து, வரப்பு பருத்துப் போய் என் வயலுக்குள் படுத்திருந்தது. இத்தனை வருடமாக என் பக்கத்தில் மம்பட்டியே விழவில்லை. என் வயலைத் தின்றது வரப்புதான்.

“நீங்களாச்சும் வெட்டி விட்டிருக்கலாமேண்ணே.”

“எப்பிடி வெட்ட? ஆளு நிக்காம ஒன் பக்கத்துல நான் மம்பட்டி போட்டா ஊரு என்ன சொல்லும்? நீ என்ன சொல்லுவ? வெட்டாததுக்கே டேப்போட வந்து நிக்கிற.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அன்று சாயங்காலமே, அந்த எல்லைக்கல் அசலில் அங்கேதான் இருந்ததா என்று யோசித்தேன். அண்ணனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நான் விற்க வரவில்லை என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. “இப்ப வெட்ட முடியாது, மண்ணு கல்லாக் கெடக்கு. மழைக்குப் பொறவுதான். அப்ப நீ இங்கன இருக்க மாட்ட” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “போன்லயாச்சும் வந்து நில்லு.”

திரும்பி வந்த வாரம் தோட்டத்தில் எனக்கும் பக்கத்து நிலத்துக்காரர் கீத்துக்கும் இடையில் உள்ள புல் பாதையின் ஓரத்தை வெட்ட வேண்டியிருந்தது. கீத் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மம்பட்டியை எடுத்தாலே அவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். பாதையைத் தின்கிறேனா என்றுதான் பார்க்கிறார் என்று நெடுநாளாக எனக்கு ஒரு நினைப்பு. போய்க் கூப்பிட்டேன், வெட்டி முடிக்கும்வரை கொஞ்சம் நிற்க முடியுமா என்று. உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நின்றால் போதும் என்றேன். முதுகு வலியா என்று கேட்டார். இல்லை என்றேன். விளங்காத முகத்தோடு இரண்டு கோப்பைத் தேநீர் எடுத்து வந்து நின்றார். நான் வெட்டினேன். அவர் தக்காளிச் செடியில் நோய் விழுந்ததைப் பற்றிப் பேசினார், வேலியில் உட்கார்ந்த குருவியைக் காட்டினார். தகட்டின் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் அண்ணன் கூப்பிட்டார். அங்கே வெயில் தாழ்ந்திருந்தது. இங்கே முற்பகல் தூறல், நான் தோட்டத்தில் நின்றிருந்தேன். போனை வரப்பு முனையில் ஒரு கல்லில் சாய்த்து வைத்தார். ஈர வரப்பு, அவர் கால்கள், மம்பட்டி, பின்னால் கருவேல். கடல் காற்று போனுக்குள் இரைந்தது.

“ஏலே, நிக்கிறியா?”

“நிக்கிறேன்ணே.”

வெட்டத் தொடங்கினார். என் பக்கத்து வரப்பை, என் வயலுக்குள் நின்று, எனக்காக. நான் குடையை மடக்கிக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, அய்யா பார்த்ததுபோல் தகட்டின் முனையையே பார்த்தேன். நாலைந்து வெட்டு சரியாக விழுந்தது. அடுத்ததற்கு மம்பட்டி மேலே போனது, படம் நின்றுவிட்டது. தகடு அவர் தலைக்கு மேல் அப்படியே நின்றது. திரையில் தூறல் விழுந்தது. சட்டையில் துடைத்தேன், போனை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன், பாதையில் அங்கும் இங்கும் நடந்தேன். கீத் தன் சாமான் கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்துப் படம் திரும்பி வந்தபோது வரப்பு முழுக்க வெட்டி முடிந்திருந்தது. நேராக, ஒல்லியாக, நான் சின்ன வயதில் பார்த்த வரப்பாக இருந்தது. அண்ணன் போனுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து முகத்தைக் காட்டினார். வேர்வையும் சேறுமாக இருந்தார்.

“முழுசும் பாத்தியாலே?”

“பாத்தேன்ணே” என்றேன்.