கடலடியைக் கையால் பார்த்த இனயம் பயணம்

கழிந்த 1952 கிறிஸ்துமஸ் விடுமுறையில் நானும் என் மனைவி கமலாவும் இனயத்துக்குப் போனோம். நாங்கள் நாகர்கோவில் பக்கத்து வயல்காட்டுக்காரர்கள். கடல் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் கரையில் நின்று காலை நனைத்ததோடு சரி. கமலா டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் ரோசம்மாள். அவள் கணவர் லாசர், இனயத்து மீனவர். இரண்டு நோயாளிகளுக்கும் நானும் லாசரும் மாறி மாறிக் கஞ்சி வாங்கிக் கொடுத்துச் சிநேகிதர்களானோம். “கடலு தெரியாதா உமக்கு? வாரும், நான் காட்டித்தாரேன்” என்றார் அவர்.

தக்கலை வழியாகக் கருங்கல்லுக்கு பஸ், ஆளுக்குப் பத்தணா. அங்கிருந்து நாலு மைல் நடை. “வெயிலு கொல்லும் சாரே, தலையில துண்டு கெட்டுங்க” என்றார் டிரைவர். நல்லவேளை, கேட்டோம்.

ஒரு வாரமாக நீரோட்டம் சரியில்லாமல் அந்த வீட்டில் மீன்பாடே இல்லை. அப்படியும் எங்களுக்குக் கோழி அடித்திருந்தார்கள். விஷயம் தெரிந்தபோது கமலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியும்முன் லாசர், அவர் மச்சான் தாசன், நான் மூவரும் கட்டுமரத்தில் ஏறினோம். மீன் கிடக்கும் பாறை கடலுக்கு அடியில் இருக்கிறது. மேலே அடையாளம் எதுவும் இல்லை. கரையிலுள்ள கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் பின்னால் தெரியும் மலையும் ஒரே நேரில் வரும்வரை துடுப்புப் போட வேண்டும். போட்டோம். பாதியில் மேகம் இறங்கி மலையை மூடிவிட்டது.

“திரும்பலாம் அத்தான்” என்றார் தாசன்.

“வெறுங்கையோட எப்பிடிடே போவது?” லாசர் கல் கட்டிய கயிற்றை இறக்கி என் கையில் கொடுத்தார். “நாங்க ரெண்டுபேரும் துடுப்புத் தொழையுதோம். கல்லு அடித்தரையில இழுபடும்போ கையில என்ன வருதுன்னு சொல்லும்.”

கண்ணை மூடிக்கொண்டேன். வழுக்கிக்கொண்டே போயிற்று. மணல். இன்னும் மணல். திடீரென்று, உழும்போது கொழு கல்லில் தட்டினால் மேழியில் ஏறுமே, அதே அதிர்வு!

“கல்லு! கல்லு ஓய்!”

“நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார் லாசர். தூண்டில் இறங்கியது. முதலில் வந்தது முழங்கை நீளக் கலவா மீன். அதன்பின் பேச நேரமில்லை. தாசன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார், அன்பாகத்தான்.

கரையில் பெண்கள் இருவரும் காத்திருந்தார்கள். தூரத்தில் மரம் பாரத்தால் தாழ்ந்து வருவதைப் பார்த்தே, “ஏட்டி, மீனு கெடச்சிருக்கு!” என்று ரோசம்மாள் கமலாவைக் கட்டிக்கொண்டாளாம். கடைசி அலை என்னைக் குப்புறத் தள்ளியது. கமலா சேலையோடு கடலுக்குள் ஓடி வந்து என்னைத் தூக்கினாள். திட்டினாள், சிரித்தாள், அழுதாள்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை நல்ல மாதங்கள். ஆனி, ஆடியில் வேண்டாம். வெறும் வயிற்றோடு கட்டுமரத்தில் ஏறாதீர்கள். கைக்கடிகாரத்தைக் கரையிலேயே விடுங்கள். முக்கியமாக, சிநேகிதம் இல்லாமல் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அது அவர்களுடைய வயல்.

புறப்படும்போது ரோசம்மாள் கமலாவின் கையை விடவில்லை. “மாசி அறுப்புக்கு நாங்க வரட்டா? எனக்கு அரிவாளு பிடிக்கத் தெரியாது.”

“நான் காட்டித்தாரேன்” என்றாள் கமலா.